மேடைக்கு வரவேண்டிய காளை

ஹலோ. ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு.

ஆம், அவையோரே, நான்கு! பேச்சு வந்த நாள்முதல் தெருத் தெருவாக, திடல் திடலாக, மேடை மேடையாக ஏறி, ஒன்று இரண்டு மூன்று சொல்லி இறங்கியவள் நான். மூன்று என்று சொன்னால் மைக் வேலை செய்கிறது என்று பொருள். மைக் வேலை செய்தால் நான் இறங்கிவிட வேண்டும் என்று பொருள். மூன்றுக்கு மேல் என்னை எவரும் எண்ணவிட்டதில்லை. இன்று எண்ணிவிட்டேன். நான்கைச் சொன்ன நாக்கு நடுங்குகிறது. நாக்கைச் சுமக்கும் கால் நடுங்குகிறது. காலைச் சுமக்கும் மேடையும் நடுங்குகிறது. அது மட்டும் அச்சத்தால் அல்ல. பலகையின் திருகாணியைச் சரியாக முடுக்கவில்லை. முடுக்கியதும் நான்தான்.

காளை வரும் வழிமீது விழிவைத்து, விழாவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் மாண்பமை துணைவேந்தர் அவர்களே! காளையின் கழுத்தளவுக்குக் கட்டிய மாலையை ஒருவராகத் தூக்க முடியாமல் இருவராகப் பிடித்துக்கொண்டிருக்கும் பதிவாளர் அவர்களே, அவர் உதவியாளர் அவர்களே! பசும்புல் கட்டொன்றைப் பச்சைக் குழந்தைபோல் மடியில் ஏந்தியிருக்கும் விலங்கியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே! முன்வரிசைச் சான்றோர்களே! நடுவரிசைப் பெரியோர்களே! வெயில் தாளாமல் பின்வரிசைக்குப் போய்விட்ட, பெரியோர்களைவிட விவரமான பெரியோர்களே! தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் நடுவே அமர்ந்து, இந்த நொடியிலும் நாற்காலி உறைக்கு நாடா தைத்துக்கொண்டிருக்கும் என் சொந்தத் தாயே! மாணவ மணிகளே! நீங்கள் அனைவரும் அமர்ந்திருக்கும், காலையில் நான் ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்ட நாற்காலிகளே! இறுதியாக, மேடைக்குப் பின்னால், ஆம்பிளிஃபயர் பெட்டிக்கு முன்னால், ஒரு கையில் தேநீரும் ஒரு கையில் சுவிட்சுமாக உறைந்து நிற்கும் ஒலி ஒளி அமைப்பாளர் அவர்களே! என் அப்பாவே!

உங்கள் எல்லோருக்கும் என் அச்சம் கலந்த வணக்கத்தை அள்ளி வைக்கிறேன்.

என்ன ஐயா கேட்கிறீர்கள்? "பாப்பா, காளை எப்போ வரும்?" என்றா? வந்துவிட்டது ஐயா. திரும்பிப் பார்க்காதீர்கள், அங்கே வருவது தண்ணீர் வண்டி. காளை மேடைமீது நிற்கிறது. மைக்கின் முன் நிற்கிறது. பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு நிற்கிறது.

நான்தான் அந்தக் காளை.

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். இத்தனை பேர் சிரிப்பில் இரண்டு பேர் சிரிக்காதது எனக்குத் தெரிகிறது. ஒருவர் துணைவேந்தர். இன்னொருவர் என் அப்பா. துணைவேந்தர் சிரிக்காததற்குக் காரணம், அவர் காளையை எதிர்பார்த்தார். அப்பா சிரிக்காததற்குக் காரணம், அவர் என்னை எதிர்பார்க்கவில்லை.

அப்பாவின் கையைக் கவனியுங்கள். சுவிட்சின்மேல் இருக்கிறது. அது சாதாரணக் கையா? நேரம் கடந்து பேசிய எத்தனை நாவலர்களை, எத்தனை சொல்லின் வேந்தர்களை நடுச்சொல்லில் நறுக்கிய கை! "இறுதியாக ஒன்று கூறி அமைகிறேன்" என்று தொடங்கியவர்கள், அந்தக் கை இருந்த மேடையில் இறுதியாக எதையுமே கூறியதில்லை. ஆகவே அது இறங்குவதற்குள் என் வழக்கைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. காளை என்ற பெயரில் கிடைத்திருக்கிறது. இந்த விழா முடிவதற்குள் உரியவர் மேடையில் தோன்றாவிட்டால் அந்த இடம் பறிபோகும். காத்திருப்போர் பட்டியலில், செய்தி கேட்டு விண்ணப்பித்த இரண்டு ஆடுகளும் ஒரு கழுதையும் இருப்பதாகக் கேள்வி. கழுதைமீது எனக்குப் பகை இல்லை. ஆனால் கழுதைக்குப் பட்டத்தின்மேல் ஆசை இருக்குமா என்பது ஐயம். எனக்கு இருக்கிறது.

ஆசையை முதலில் அப்பாவிடம்தான் சொன்னேன். கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் பட்டப்படிப்பு படிக்கட்டுமா?"

"பட்டம் வாங்கி? மொட்டை மாடியில விடப்போறியா?"

"நிஜமா கேக்குறேன்ப்பா."

"நானும் நிஜமாத்தான் சொல்றேன். ஒன் தொண்டை ஒண்ணு போதும், கடை ஓடும். நீ 'ஹலோ'ன்னா கடைசி வரிசை வரைக்கும் கேக்குது. காலேஜுல போய் வாயை மூடிட்டு உக்காரவா இந்தத் தொண்டை?"

என் அப்பா கல்நெஞ்சர் அல்லர், அவையோரே. என் தொண்டையின் முதல் ரசிகர். எனக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொடமாட்டார். "எங்க, ஒரு ஹலோ சொல்லு" என்பார். ரசிகரை எதிர்த்து எப்படிச் சண்டை போடுவது? நான் எதிர்க்கவில்லை. பயந்தேன். பயந்து, போர்வைக்குள் புகுந்து, அவருடைய போனிலேயே விண்ணப்பித்துவிட்டேன்.

அங்கேதான் விதி விளையாடியது. விதிகூட அல்ல, விசைப்பலகை!

அந்தப் போன் என்னைவிட அதிகம் படித்த போன் அல்ல. ஆனால் என்னைவிட அதிகம் மாட்டுச் சந்தைக்குப் போன போன். போன பருவம் முழுவதும் சந்தைத் திடலுக்கு எங்கள் கடைதான் மைக் செட். அங்கே கட்டுத்தறியில் நின்றவற்றைவிடக் காணாமல் போனவை அதிகம். "காணவில்லை! கருப்பு நிற இளங்காளை காணவில்லை! கண்டவர்கள் மேடை அருகில் கொண்டுவந்து ஒப்படைக்கவும்!" இப்படி ஒன்று, இன்னொன்று, மற்றொன்று என்று அப்பா போனில் அடித்து அடித்துத் தருவார், நான் படித்துப் படித்து அலறுவேன். ஆகவே அந்தப் போன் இரவும் பகலும் இளங்காளை இளங்காளை என்றே பாடம் படித்துவிட்டது. விண்ணப்பத்தில் "பட்டம்" என்ற கட்டம் வந்தது. "இளங்கலை" என்று அடிக்க நினைத்தேன். "இளங்" என்று தொடங்கியதுமே, "தெரியும் தெரியும், நீ என்ன சொல்ல வருகிறாய் என்று எனக்குத் தெரியும்" என்று பாய்ந்து வந்து மீதியைப் போனே முடித்துவிட்டது. அப்பாவின் இருமல் சத்தம் கேட்டது. போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன். அனுப்பு என்ற பொத்தான் அமுங்கியது.

பட்டம்: இளங்காளை. துறை: விலங்கியல்.

விலங்கியல் என்பதாவது எழுத்துப்பிழையாகி இலக்கியம் என்று விழுந்திருக்கக் கூடாதா? விழவில்லை. எது விழக்கூடாதோ அதுதானே விழும்!

"உங்களைப் பற்றிச் சில வரிகள்" என்றொரு கட்டம் இருந்தது. உண்மையைத்தான் எழுதினேன். அதை அப்படியே படிக்கிறேன், கேளுங்கள்: "நான் அதிகம் பேசமாட்டேன். விடியுமுன் எழுந்துவிடுவேன். பாரம் சுமந்து பழக்கம் உண்டு. கூட்டத்தைக் கண்டால் மிரளுவேன். சிவப்பைக் கண்டால் பதறுவேன். இதுவரை சொன்ன இடத்தில் நின்றே பழகிவிட்டேன். வெளியே வர விரும்புகிறேன்."

பாரம் என்றது நாற்காலி அடுக்குகளை. சிவப்பு என்றது, ஒலி மிஞ்சினால் ஆம்பிளிஃபயரில் எரியும் சிவப்பு விளக்கை. சொல்லுங்கள் தாய்மார்களே, இதில் ஒரு சொல் பொய்யா? சொல்லுங்கள் சான்றோர்களே, இதில் ஒரு சொல் காளைக்குப் பொருந்தாததா?

விண்ணப்பம் பல்கலைக்கழகத்தின் பேரவைக்குப் போயிற்று. பேரவையில் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கூட்டத்துக்கு மைக் செட் போட்டவர் என் அப்பா! துணைவேந்தர் அவர்களே, அப்பா வீட்டில் சொன்னதைத்தான் சொல்கிறேன். குறை இருந்தால் அவரைக் கேளுங்கள். இப்போது கேட்காதீர்கள், கையில் சுவிட்ச் இருக்கிறது.

அன்று சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா தொடங்கினார்.

"கேட்டியா கூத்தை? ஒரு காளை காலேஜுல சேர அப்ளிகேஷன் போட்டிருக்கு."

அம்மா ஊசியில் நூல் கோத்தபடி, "எந்தக் காளை?" என்றாள்.

"நாலு கால் காளைதான். பெரிய பரீட்சையில எம்பத்தேழு பர்சன்ட் வாங்கியிருக்கு."

"நம்ம பொண்ணும் அதேதானே வாங்குச்சு?"

"அட, ஆமா!" என்று வியந்தார் அப்பா. "காளைக்கும் நம்ம பொண்ணுக்கும் ஒரே மார்க்கு! என்ன ஒரு பொருத்தம் பாரேன்!"

எனக்குத் தண்ணீர் புரையேறியது. "மெதுவா குடி கண்ணு" என்று தலையில் தட்டிவிட்டு அப்பா தொடர்ந்தார். பதிவாளர் எழுந்து, "பால் என்ற இடத்தில் பெண் என்று இருக்கிறதே?" என்றாராம். "காளையிடம் போய்ப் பால் பற்றிக் கேட்டது நம் தவறு" என்றாராம் ஒருவர். உடனே சிவப்பு மையால் பெண் என்பதை அடித்துவிட்டார்களாம். "படத்தில் ஒரு சிறுமி இருக்கிறாளே?" என்றாராம் இன்னொருவர். "மேய்க்கிற பெண்ணாக இருக்கும், காளை படத்துக்கு வெளியே நிற்கிறது" என்று விடை வந்ததாம். தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் மட்டும் எழுந்து, "ஐயா, காளை என்றால் வாலிபன் என்றும் ஒரு பொருள் உண்டு" என்றாராம். "வாலிபனா இருந்தா 'பாரம் சுமந்து பழக்கம் உண்டு'ன்னு எழுதியிருப்பானா?" என்று கேட்டார்களாம். பேராசிரியர் சற்று யோசித்து, நியாயம்தான் என்று உட்கார்ந்துவிட்டாராம். விலங்கு நலன் கருதிப் பெயரை மட்டும் வெளியே வாசிக்கவில்லையாம். முடிவில், வேறெந்தப் பல்கலைக்கழகமும் முந்திக்கொள்ளுமுன் காளையை நாமே சேர்த்துவிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியதாம்.

அவையோரே, எண்ணிப் பாருங்கள்! அந்த விண்ணப்பத்தில் ஆயிரம் எழுத்து இருந்தது. ஒரு சொல் பிழை. மற்றதெல்லாம் சரி. சரியாக இருந்ததையெல்லாம் பிழை என்று அடித்தார்கள். பிழையாக இருந்த ஒன்றைச் சரி என்று பிடித்தார்கள்! இது எந்த ஊர்க் கணக்கு? எந்த ஏட்டுக் கணக்கு?

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அப்பா கை கழுவ எழுந்தவர் நின்று ஒரு வார்த்தை சொன்னார். "என்ன இருந்தாலும் அந்தக் காளையோட அப்பன் குடுத்துவெச்சவன்." அம்மா தலை நிமிராமல், "அவன் வெளியே விட்டிருப்பான், அது படிக்குது" என்றாள். இரண்டு வார்த்தையையும் நான் விழுங்கி வைத்துக்கொண்டேன். இன்னும் செரிக்கவில்லை.

சில நாளில் அப்பா போனுக்கு ஒரு செய்தி வந்தது. "தங்கள் காளைக்கு இடம் வழங்கப்பட்டுள்ளதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்." அப்பா பார்த்தார். "ஐயோ பாவம், எவனுக்கோ போகவேண்டியது எனக்கு வந்திருக்கு. அந்தக் காளைக்காரன் வாசலையே பாத்துட்டிருப்பான். இந்தா, ராங் நம்பர்னு போட்டுடு" என்று போனை என் கையில் கொடுத்தார்.

நான் போட்டேன். "மிக்க நன்றி" என்று போட்டேன்.

அப்பா, தேநீர் ஆறுகிறது. குடியுங்கள். இன்னும் கொஞ்சம்தான்.

பிழையைத் திருத்த முயலவில்லையா என்று கேட்பீர்கள். முயன்றேன்! முட்டி மோதி முயன்றேன்! பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு சிறு சன்னல் உண்டு. பெரிய ஆட்களும் குனிந்தால்தான் உள்ளே இருப்பவர் முகம் தெரியும். குனிந்தேன்.

"சார், என் அப்ளிகேஷன்ல இளங்கலைக்குப் பதிலா இளங்காளைன்னு விழுந்துடுச்சு. மாத்தணும்."

"அது காளையோட அப்ளிகேஷனாச்சே. நீ யாரு?"

"நான்தான் சார் அது."

"எது?"

"காளை."

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இங்க பாரும்மா. காளைக்கு அட்மிஷன் ஆயாச்சு. நீ காளை இல்லைன்னா ஒனக்கு இங்க என்ன வேலை? நீதான் காளைன்னா எதுக்கு மாத்தணும்?"

இந்த இரண்டு கேள்விக்கும் எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. தெரிந்தவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். யாரும் இல்லை. துணைவேந்தரும் தூக்கவில்லை.

"அப்போ நான் என்ன சார் செய்யுறது?"

"கால்நடை டாக்டர்கிட்ட போய்க் காளைதான்னு ஒரு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வா. அப்புறம் பேசலாம்."

போனேன். அந்த மருத்துவமனையின் நீளப் பெஞ்சில், இருமும் ஆட்டுக்கும் இறகு உதிரும் கிளிக்கும் இடையே என் முறைக்காகக் காத்திருந்தேன். டாக்டர் அம்மா கையுறை மாட்டிக்கொண்டே, "எங்கம்மா மாடு?" என்றார்.

"நான்தான் டாக்டர்."

அவர் அசரவில்லை. "எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"அப்ளிகேஷன் போட்டதுலேருந்து."

முழுக்கதையும் கேட்டார். பிறகு கடமை தவறாதவராக, "வாயைத் திற" என்றார். திறந்தேன். டார்ச் அடித்துப் பார்த்து உச்சுக் கொட்டினார். "முடியாது கண்ணு. ஒனக்கு மேல்வரிசையில முன்பல்லு இருக்கு. மாட்டுக்கு அங்க பல்லே கிடையாது, வெறும் ஈறுதான். நான் கையெழுத்துப் போட்டா என் வேலை போயிடும்."

நான் அழுதிருக்க வேண்டும் அல்லவா? அழவந்த வாய் வேறொன்றைக் கேட்டுவிட்டது. "மேல் பல்லு இல்லாம அது எப்படி டாக்டர் புல்லைக் கடிக்கும்?"

"நாக்கைச் சுழட்டிப் புல்லைச் சுத்திப் பிடிக்கும். அப்புறம் ஒரே இழுப்பு."

"அப்போ நாக்கு அறுபடாதா?"

"வா, காட்டுறேன்" என்று கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போனார். கட்டியிருந்த ஒரு கிழட்டு மாட்டின் நாக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அரம்போல் சொரசொரவென்று இருந்தது, அவையோரே! அந்த ஒரு தொடுகையில் நான் பயத்தை மறந்தேன். சான்றிதழை மறந்தேன். இருட்டிவிட்டதையும் வீட்டில் தேடுவார்கள் என்பதையும் மறந்தேன். எனக்கு ஏன் விலங்கியல் என்று யாராவது கேட்டால், இதுதான் ஏன்!

உண்மையில் அது அதற்கும் முன்பே தொடங்கியது. மேடையில் பேச்சாளர் முழங்கும்போது நீங்கள் எல்லோரும் அவரைப் பார்ப்பீர்கள். நான் விளக்கைப் பார்ப்பேன். எங்கள் கடையின் பெரிய விளக்கு எந்தத் திடலில் எரிந்தாலும் பூச்சிகள் வந்துவிடும். விட்டில் வரும், வண்டு வரும், மழை விட்ட மாலையில் ஈசல் வரும். ஏன் சுற்றுகின்றன? வெளிச்சம் வேண்டுமென்றால் வந்து உட்காரலாமே? எல்லாம் ஏன் விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சாய்ந்து சாய்ந்து பறக்கின்றன? எத்தனை அறிஞர் பேச்சைக் கேட்டிருக்கிறேன், ஒருவராவது தலைக்கு மேலே பார்த்து இதைச் சொன்னதுண்டா? அப்பாவைக் கேட்டால், "விளக்கு நல்ல விளக்கும்மா, வாட்ஸ் அதிகம்" என்பார். அது விளக்குக்கு விடை. பூச்சிக்கு விடை எது? பூச்சிக்கு விடை தெரிந்தவர்கள் இந்த மதிலுக்கு உள்ளே இருக்கிறார்கள். நான் மதிலுக்கு வெளியே நாற்காலி துடைக்கிறேன்.

இந்த நிலையில்தான் இந்த விழாவுக்கு மைக் செட் போடும் வேலை எங்களுக்கே வந்தது. "காளைக்கும் ஒரு நாற்காலி போடுங்க" என்றார்களாம் அப்பாவிடம். தொழிலில் அப்பாவுக்கு நிகர் அப்பாதான். "உக்காருற வகையா சார், நிக்கிற வகையா?" என்று கேட்டு, இரண்டு நாற்காலியை எடுத்துவிட்டு, படிக்குப் பதில் சாய்பலகை போட்டு, வழுக்காமல் சாக்கு விரித்தார். அந்தச் சாக்கின் மூலையைப் பிடித்து இழுத்துவிட்டது யார்? நான். எனக்கு நானே வழி போட்டுக்கொண்டேன், அது அப்பாவுக்குத் தெரியவில்லை. "மிரளாம ஏறணும் பாவம், புது இடம்" என்று சொல்லிச் சொல்லி விரித்தாரே என் அப்பா! ஒரு காளைக்காக அவ்வளவு கவலை!

துணைவேந்தர் அவர்களே! இப்போது உங்களிடம் வருகிறேன். நான் கேட்பது பெரிதல்ல. இளங்காளைக்கும் இளங்கலைக்கும் நடுவே என்ன இருக்கிறது? மலை இருக்கிறதா? கடல் இருக்கிறதா? ஒரு துணைக்கால் இருக்கிறது! "க"வுக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு அதைக் "கா" ஆக்கிய ஒரே ஒரு துணைக்கால்! காளைக்கு நான்கு கால். எனக்கு இரண்டு கால். எங்கள் இருவருக்கும் இடையே நிற்பது அந்த ஒற்றைக் கால். நாட்டில் எத்தனை துணை உண்டு! துணைவேந்தர் உண்டு, துணைப்பதிவாளர் உண்டு, வழித்துணை உண்டு, வாழ்க்கைத்துணை உண்டு. அவையெல்லாம் துணை நிற்கும். இந்தத் துணை மட்டும் குறுக்கே நிற்கிறது! அதை எடுத்துவிடுங்கள். பிறகு மடிந்த நாக்கை நிமிர்த்தி "ள"வை "ல" ஆக்குங்கள். மாட்டின் நாக்கே அத்தனை வளைந்து நிமிர்கிறதே, ஒரு பல்கலைக்கழகத்தின் நாக்கு நிமிராதா?

"சத்தமா பேசுடி, பின்னாடி கேக்கலையாம்!" என்கிறாள் என் அம்மா. கேட்டீர்களா? நாடா தைத்த ஊசி நின்றுவிட்டது. அம்மா, உனக்கு எப்போது தெரியும்? என்ன? "எம்பத்தேழு பர்சன்ட் காளை எந்த ஊர்லடி இருக்கு?" என்கிறாள். அன்று சாப்பாட்டு நேரத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது! இத்தனை நாள் நான் மட்டும் தனியாக நடுங்கியிருக்கிறேன்!

சத்தமாகவே சொல்கிறேன். அப்பா! என் அருமை ஒலிபெருக்கி அப்பா! திரும்பிப் பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டில் உங்கள் எதிரே நின்றால் என் குரல் உள்ளேயே போய்விடுகிறது. மைக் முன்னால் நின்றால்தான் வருகிறது, அப்படிப் பழக்கிவிட்டீர்கள். இந்தத் தொண்டையை நான் எங்கும் கொண்டுபோகவில்லை. படிப்பு முடிந்த மாலையில் "ஹலோ" சொல்ல வருவேன். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்றோடு நிற்கமாட்டேன். "அந்தக் காளையோட அப்பன் குடுத்துவெச்சவன்" என்றீர்களே. யாரென்று தெரியாமலே வாழ்த்தினீர்களே. அந்தக் கொடுத்துவைத்தவர் நீங்கள்தான் அப்பா. உங்களுக்கு வந்தது ராங் நம்பர் அல்ல.

அணைக்க வேண்டுமென்றால் அணையுங்கள். என் பேச்சு முடிந்துவிட்டது. இனி மைக் இல்லாவிட்டாலும்...

...

ஹலோ? ஹலோ?

போய்விட்டது. அவையோரே, கேட்கிறதா? பின்வரிசை ஐயா, கேட்கிறதா? அப்பா சுவிட்சை விட்டுவிட்டுக் குனிகிறார். என்ன செய்கிறார்? எழுந்துவிட்டார். கையில் இன்னொரு மைக். சந்தைத் திடலில் எடுப்பாரே, அந்தப் பழைய அறிவிப்பு மைக். அதைத் தட்டுகிறார். ஊதுகிறார்.

கேட்டீர்களா? கேட்டீர்களா, தாய்மார்களே? கேட்காதவர்களுக்காக அப்பா அறிவித்ததை நானே திருப்பிச் சொல்கிறேன். என் மைக்குக்கும் உயிர் வந்துவிட்டது.  

"அறிவிப்பு! அறிவிப்பு! காணாமல் போன இளங்காளை ஒன்று கிடைத்துவிட்டது. நிறம், பள்ளிச் சீருடை. யாரும் தேட வேண்டாம். அப்பன் மேடைக்குப் பின்னால்தான் நிற்கிறான். ரொம்ப நேரமாக நிற்கிறான்."

கைதட்டுங்கள் ஐயா, தட்டுங்கள்! எனக்கல்ல, அவருக்கு! இத்தனை மேடையில் எல்லோர் கைதட்டலையும் பெருக்கிக் கொடுத்தாரே, அவருக்கென்று ஒரு தட்டல் விழுந்ததுண்டா?

அதோ, துணைவேந்தர் பதிவாளரின் கோப்பிலிருந்து என் விண்ணப்பத்தை உருவிக்கொண்டு சட்டைப் பையைத் தடவுகிறார். பேனா தேடுகிறார். "இதுக்குப் பேரவையைக் கூட்டணுமா?" என்று பதிவாளர் கேட்கிறார். "ஒரு காலை எடுக்கக் கூட்டம் எதுக்குய்யா?" என்று துணைவேந்தர் கடிந்துகொள்கிறார். அதே சிவப்பு மைதான் அகப்பட்டது போலிருக்கிறது. எடுத்துவிட்டார்! துணைக்காலை எடுத்துவிட்டார்! ஐயா, நாக்கு, நாக்கு! "ள"வையும் ஒரு கை பாருங்கள்! ஆயிற்று. அப்படியே, அடித்த "பெண்" என்ற சொல்லையும் திரும்ப எழுதிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

மாலையைக் கொண்டுவருகிறார்கள். பார்த்து, பார்த்து! காளையின் கழுத்துக்குக் கட்டியது என் கழுத்தில் விழுந்து, தோளில் நிற்காமல், முழங்காலில் நிற்காமல், சாய்பலகை வழியாகத் தானே இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. துறைத் தலைவர் அம்மையார் அவர்கள் புல் கட்டை என்னிடம் நீட்டிவிட்டு, என்ன செய்கிறோம் என்று தெரிந்து பின்னுக்கு இழுக்கிறார். கொடுங்கள் அம்மா, கொடுங்கள். கால்நடை மருத்துவமனைக் கொல்லையில் எனக்கு நாக்கு நீட்டிய ஒருவருக்கு இது சேர வேண்டும்.

துணைக்காலை எடுத்த தூயவருக்கும், தூக்க முடியாததைத் தூக்கிய பதிவாளருக்கும், காளையைக் காண வந்து என்னைப் பொறுத்துக்கொண்ட பெரியோருக்கும், தைத்த ஊசியை நிறுத்திய தாய்க்கும், நிறுத்திய மைக்கைத் திரும்பப் போட்ட தந்தைக்கும், இடம் இழந்த இரண்டு ஆட்டுக்கும் ஒரு கழுதைக்கும் என் நன்றியைக் காணிக்கையாக்குகிறேன். நாற்காலிகளை எடுக்க நான் வருவேன். எழுந்துகொள்ளும்போது தயவுசெய்து அடுக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

ஐந்து. ஆறு. ஏழு.

மற்றதை வகுப்பறையில் எண்ணிக்கொள்கிறேன். வணங்கி இறங்குகிறேன். அப்பா, இப்போது அணைக்கலாம்.